ஒலி அலையால் சிகிச்சை: வேலூர்ப் பக்கத்தில் இருப்பவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

கை நடுக்கத்தையும் கர்ப்பப்பைக் கட்டியையும் ஆபரேஷன் இல்லாமல் ஒலி அலையிலேயே சரி செய்கிறார்கள் என்ற செய்தி குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு வரைக்கும் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. செய்தி பொய்யில்லை. ஆனால் அதைப் பார்த்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுகிறார்களே, அங்கேதான் சிக்கல். இந்தச் சிகிச்சை யாருக்கு ஒத்துவரும், யாருக்கு ஒத்துவராது என்பதைப் பெரும்பாலும் ஒரு ஸ்கேன் படம் சொல்லிவிடும். அந்தப் படத்தை வேலூரிலேயே எடுக்கலாம். படம் எடுத்து, நிபுணர் பார்த்து, "உங்களுக்குச் செய்யலாம்" என்று சொன்ன பிறகுதான் அட்வான்ஸ் கட்ட வேண்டும். இந்த வரிசை மாறினால் பணமும் அலைச்சலும் வீண்.

இது என்ன, எது இது இல்லை

வயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் எடுக்கிறார்களே, அதே இனத்து ஒலிதான் இதுவும். காதுக்குக் கேட்காத அல்ட்ராசவுண்ட். ஸ்கேனில் அது படம் காட்டும். இங்கே நூற்றுக்கணக்கான ஒலிக்கற்றைகளை வெவ்வேறு திசைகளிலிருந்து அனுப்பி, உடம்புக்குள் ஒரே புள்ளியில் சந்திக்க வைக்கிறார்கள். மே மாத வேலூர் வெயிலில் பூதக்கண்ணாடி பிடித்துக் காகிதத்தைக் கருக்கியவர்களுக்கு இது சட்டென்று புரியும். தனித்தனியாகப் போகும் கற்றை வழியில் எதையும் சுடாது. எல்லாம் கூடுகிற இடத்தில் மட்டும் வெப்பம் 55, 60 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, அங்கிருக்கும் திசு வெந்து செயலிழந்துவிடும். கை நடுக்கத்துக்கு இதை மூளையில் செய்கிறார்கள், அங்கே அந்த இடம் சில மில்லிமீட்டர் அளவுதான். பல கருவிகளில் நோயாளி எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள்ளேயே படுத்திருப்பார். எங்கே எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்று டாக்டர் திரையில் பார்த்துக்கொண்டே செய்வார். எம்.ஆர்.ஐ.க்குப் பதில் சாதாரண அல்ட்ராசவுண்ட் படத்தை வைத்துக் குறிபார்க்கும் கருவிகளும் இருக்கின்றன.

யோசனை பழையது. 1950-களிலேயே அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃப்ரை, ஃபிரான்சிஸ் ஃப்ரை சகோதரர்கள் இதை மூளையில் முயன்றார்கள். மண்டை ஓடு ஒலியைச் சிதறடித்துவிடும் என்பதால் எலும்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுத்தான் செய்ய வேண்டியிருந்தது. சூட்டை வெளியிலிருந்தே அளக்கும் எம்.ஆர்.ஐ. முறையும், ஒவ்வொருவரின் மண்டை ஓட்டுக்கும் ஏற்ப ஒலியைத் திருத்தி அனுப்பும் 1,024 ஒலிமுனைகள் கொண்ட தொப்பி மாதிரிக் கருவியும் வந்த பிறகுதான் தலையைத் திறக்காமல் செய்ய முடிந்தது. மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்டிஏ அமைப்பு இதைக் கர்ப்பப்பை ஃபைப்ராய்டு கட்டிக்கு 2004-லும், எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலிக்கு 2012-லும், கை நடுக்கத்துக்கு 2016-லும், நடுக்கம் முன்னிற்கும் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய்க்கு 2018-லும் அனுமதித்தது. சூடேற்றாமல், நுண்குமிழிகளால் திசுவைச் சிதைக்கும் ஹிஸ்டோட்ரிப்சி என்ற இன்னொரு வகைக்குக் கல்லீரல் கட்டிகளுக்காக 2023-ல் அனுமதி கிடைத்தது.

இப்போது குழப்பம் வரும் இடங்கள். சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்து உடைப்பது அதிர்வலைச் சிகிச்சை, அது வேறு. முட்டிவலிக்குப் பிசியோதெரபியில் வைக்கும் அல்ட்ராசவுண்ட் லேசான சூடுதான், எதையும் அழிக்காது. அழகு நிலைய போர்டில் 'ஹைஃபு' என்று போட்டிருப்பது முகத்தோலை இறுக்குவதற்கு. நாம் பேசும் சிகிச்சைக்கும் ஹைஃபு என்ற பெயர் உண்டு என்பதால், "நம்ம ஊர்லயே ஹைஃபு இருக்காமே" என்று கர்ப்பப்பை ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்காதீர்கள்.

முதல் படி: நோய்க்குச் சரியான பெயர் வாங்குங்கள்

கை நடுக்கத்தில்தான் இது ரொம்ப முக்கியம். 'கை ஆடுது' என்ற ஒரே புகாருக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கும். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் ஒரு உறவுக்கார அத்தையிடம், "அத்தை, கையை மடியில வெச்சிருக்கும்போது ஆடுதா, வேலை செய்யும்போது ஆடுதா?" என்று கேட்டேன். "சும்மா உக்காந்துனு கீறப்போ ஒண்ணும் இல்லபா. நூல் கட்டச் சொல்லதான் ஆடுது" என்றார். இலையைச் சுருட்டும்வரை சமாளித்துவிடுகிறார். நூலைச் சுற்றி இறுக்கி, வாயை மடிக்கும் அந்தக் கடைசி வேலையில் விரல் சொன்னபடி கேட்பதில்லை. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். வேலை செய்யும்போது வரும் இப்படிப்பட்ட நடுக்கம் பெரும்பாலும் 'எசென்ஷியல் ட்ரெமர்' என்ற வகையைச் சேர்ந்தது, குடும்பத்தில் வேறு சிலருக்கும் இருக்கும். சும்மா இருக்கும் கை ஆடி, எதையாவது பிடித்தால் குறைகிறது என்றால் பார்க்கின்சன் பக்கம் யோசிப்பார்கள்.

அது தவிர, தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் கை நடுங்கும். ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சால்புடமால், வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட், மனநலத்துக்கான லித்தியம் எல்லாமே நடுக்கத்தைக் கொண்டுவரலாம். ஒரு ரத்தப் பரிசோதனையிலோ, மருந்தை மாற்றியோ தீர்கிற நடுக்கத்துக்கு யாரும் மூளையில் சூடு வைக்க மாட்டார்கள்.

இந்தப் பெயரை வாங்க நீங்கள் எங்கும் போக வேண்டியதில்லை. இந்தியாவிலேயே முதல் நரம்பியல், நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கியது நம்ம சிஎம்சியில்தான். மற்ற மாநிலத்துக்காரர்கள் ரயிலேறி காட்பாடிக்கு வருகிறார்கள், நாம் ஏன் முதல் ஆலோசனைக்கே வெளியூர் போக வேண்டும்? சிஎம்சியில் பொது ஓ.பி., பிரைவேட் ஓ.பி. என்று இரண்டு உண்டு. ஆன்லைனிலும் அப்பாயின்ட்மென்ட் போடலாம். ஊருக்குள் இருக்கும் பழைய வளாகமா, நெடுஞ்சாலையில் இருக்கும் ராணிப்பேட்டை வளாகமா என்று சீட்டில் பார்த்துவிட்டு ஆட்டோ ஏறுங்கள். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றுக்குப் போய்விட்டால் அன்றைய பொழுது போச்சு. செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

எசென்ஷியல் ட்ரெமர் என்று உறுதியானால் உடனே ஒலி அலைக்குப் போக மாட்டார்கள். முதலில் மாத்திரை: ப்ரொப்ரனலால் அல்லது ப்ரிமிடோன். ஆஸ்துமா இருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ப்ரொப்ரனலால் அவர்களுக்கு ஆகாது. மாத்திரைகளைப் போதுமான அளவில், போதுமான காலம் எடுத்தும் சாப்பாடு வாய்க்குப் போகவில்லை, கையெழுத்து வரவில்லை என்றால்தான் அடுத்த பேச்சு. என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மாதம், என்ன பயன், என்ன தொந்தரவு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு பார்க்கிற ஒவ்வொரு டாக்டரும் இதைத்தான் முதலில் கேட்பார். கூடவே, மாதம் ஒரு முறை ஒரு வெள்ளைத்தாளில் சுருள் வட்டம் வரைந்து தேதி போட்டு வைத்தால் இன்னும் நல்லது. பேச்சைவிட அந்தக் கோடு தெளிவாகச் சொல்லும்.

கர்ப்பப்பைக் கட்டி என்றால்

ஃபைப்ராய்டு புற்றுநோய்க் கட்டி அல்ல. பல பெண்களுக்கு அது இருப்பதே தெரியாது. தொந்தரவு இல்லாத கட்டிக்குச் சிகிச்சையே வேண்டாம். மாதவிலக்கில் கட்டிகட்டியாக ரத்தம் போவது, அதனால் ரத்தசோகை, அடிவயிற்றில் அழுத்தம், அடிக்கடி சிறுநீர் என்று இருந்தால்தான் வைத்தியம். நம் பக்கத்தில் "பிள்ளை பெத்தாச்சு இல்ல, எடுத்துடும்மா" என்று கர்ப்பப்பையையே எடுக்கச் சொல்லும் பழக்கம் அதிகம். எனக்கு அது ஒப்பவில்லை. மாத்திரை, ஹார்மோன் சாதனம், கட்டியை மட்டும் எடுப்பது, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்பது, ஒலி அலை, கடைசியாகக் கர்ப்பப்பையை எடுப்பது என்று வழிகள் பல. மகப்பேறு டாக்டரிடம், "எனக்கு இதில் எதெல்லாம் பொருந்தும், எது பொருந்தாது, ஏன்?" என்று நேராகக் கேளுங்கள்.

இரண்டு விஷயத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒன்று, இனி குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அது. எந்த வழி என்பதையே அது மாற்றிவிடும். இன்னொன்று, மாதவிலக்கு நின்ற பிறகு கட்டி வளர்ந்தாலோ, வேகமாகப் பெரிதானாலோ அது. ஒலி அலையில் கட்டி உள்ளேயே இருந்து சுருங்குமே தவிர, எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப எதுவும் கையில் கிடைக்காது. அபூர்வமாக ஃபைப்ராய்டு மாதிரியே தோன்றும் புற்றுநோய் இருக்கலாம் என்பதால், சந்தேகம் இருக்கும் இடத்தில் இந்த வழி சரிப்படாது.

இரண்டாவது படி: தகுதி சொல்லும் ஸ்கேன்

மூளைச் சிகிச்சைக்குத் தலை சி.டி. ஸ்கேன் அவசியம். மூளையைப் பார்க்க இல்லை, மண்டை ஓட்டைப் பார்க்க. வெளி ஓடு கெட்டியாகவும், நடுவில் இருக்கும் பஞ்சு எலும்பு ரொம்ப லேசாகவும் இருந்தால் ஒலி உள்ளே போகாமல் எலும்பிலேயே சூடாகத் தங்கிவிடும். இந்த இரண்டின் அடர்த்தியையும் ஒப்பிட்டு ஒரு விகிதம் கணக்கிடுவார்கள். அது 0.4-க்குக் கீழே போனால் பல மையங்கள் தயங்கும். வயது, உடல்வலு, பணம் எதுவும் இதை மாற்றாது. ஆள் திடகாத்திரமாக இருப்பார், எலும்பு மட்டும் ஒத்துழைக்காது. இந்த எண் தெரியாமல் எவரும் "நூறு சதவீதம் செய்யலாம்" என்று போனில் சொன்னால், அந்தப் போனை வைத்துவிடுவது நல்லது.

கர்ப்பப்பைக்கு எம்.ஆர்.ஐ. வேண்டும், சாதாரண வயிற்று ஸ்கேன் போதாது. கட்டி எங்கே, எத்தனை, முன்னால் குடல் குறுக்கே கிடக்கிறதா, காம்பில் தொங்கும் கட்டியா, சுண்ணாம்பு படிந்ததா என்பதெல்லாம் அதில் தெரியும். படத்தில் கருமையாகத் தெரியும் கட்டி இந்தச் சிகிச்சைக்கு நன்றாக மசியும், வெள்ளையாக மின்னுவது அவ்வளவாக மசியாது. சிசேரியன் தழும்பு இருந்தால் ஒலி அங்கே தேங்கித் தோல் சுடலாம் என்பதால் தனியாகக் கவனிப்பார்கள்.

ஸ்கேன் சென்டரில் ஃபிலிமையும் ரிப்போர்ட்டையும் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். முழுப் படங்களும் பதிந்த சி.டி. தட்டைக் கேட்டு வாங்குங்கள், அல்லது பென்டிரைவில் போடச் சொல்லுங்கள். வெளியூர் நிபுணருக்கு வேண்டியது அந்தக் கோப்புகள்தான். மூளைக்கு என்றால், மெல்லிய அடுக்குகளாக எலும்பு தெரியும்படி எடுக்க வேண்டும் என்று டாக்டர் சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கே போய் மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் போகக்கூடாதவர்கள் உண்டு. பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, பழைய எலும்பு முறிவுக்கு வைத்த பிளேட், காப்பர்-டி எது இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லுங்கள். மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிற பயம் இருப்பதையும் சொல்லுங்கள், வெட்கம் வேண்டாம். சிகிச்சையே அதற்குள் சில மணி நேரம். ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. இதய டாக்டரையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது படி: எங்கே, எவ்வளவு

எல்லா ஊரிலும் கருவி இல்லை, ஒரு ஊரில் இருக்கும் கருவி எல்லா நோய்க்கும் ஆனதும் இல்லை. கை நடுக்கத்துக்கான தொப்பிக் கருவி வேறு, கர்ப்பப்பைக்கான மேசை வேறு. அதனால் "அல்ட்ராசவுண்ட் சிகிச்சை இருக்கா?" என்று பொதுவாகக் கேட்காமல், நோயின் பெயரைச் சொல்லி, அந்த நோய்க்கு இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் நடுக்கத்துக்கான கருவி கோயம்புத்தூரில் வந்திருக்கிறது. கோவை எக்ஸ்பிரஸும் சேரனும் காட்பாடியில் நிற்கின்றன. ஆனால் முதலில் படங்களை அனுப்பி, பதில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

காப்பீட்டில் ஒரு நல்ல செய்தி. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பாலிசியிலிருந்து விலக்கக் கூடாத நவீனச் சிகிச்சைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கர்ப்பப்பை ரத்தக்குழாய் அடைப்பும் ஹைஃபுவும் அதில் முதல் வரி. மூளைக்குள் மின்முனை வைக்கும் டி.பி.எஸ்.ஸும் அதே பட்டியலில் உண்டு. ஆனால் கம்பெனி இவற்றுக்கு உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம். ஐந்து லட்சம் பாலிசியில் இதற்கு அதில் பாதிதான் என்று இருக்கக்கூடும். பாலிசித் தாளில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள், முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், தங்களுக்குச் சொன்ன சிகிச்சையும் அந்த ஆஸ்பத்திரியும் இரண்டும் திட்டத்தில் இருக்கிறதா என்று அங்கேயுள்ள காப்பீட்டுக் கவுன்ட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று இருந்து ஒன்று இல்லாவிட்டால் பயனில்லை.

அப்புறம், டாக்டரிடம் கேட்க வேண்டிய நேரான கேள்வி: எவ்வளவு குறையும்? நடுக்கத்துக்கு அமெரிக்க அனுமதியின் அடிப்படையாக இருந்த, 2016-ல் வெளிவந்த ஆய்வில் 76 பேர் இருந்தார்கள். சிகிச்சை பெற்றவர்களுக்கு மூன்று மாதத்தில் கை நடுக்க மதிப்பெண் சராசரியாக 47 சதவீதம் குறைந்தது, ஒரு வருடத்தில் பார்த்தபோது 40 சதவீதம். வீடியோவில் காட்டுகிற மாதிரி எல்லோருக்கும் கை சிலையாக நின்றுவிடுவதில்லை. நடக்கும்போது தடுமாற்றம் 36 சதவீதம் பேருக்கும், மரத்துப்போவது 38 சதவீதம் பேருக்கும் வந்தது. ஒரு வருடம் கழித்தும் முறையே 9, 14 சதவீதம் பேருக்கு அது நீடித்தது. சூடு வைத்த இடத்தைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. டி.பி.எஸ்.ஸில் தலையைத் திறக்க வேண்டும், பேட்டரி வேண்டும், ஆனால் அதைக் கூட்டிக் குறைக்கலாம், தேவைப்பட்டால் நிறுத்தலாம். இரண்டையும் எடை போட்டு, யாருக்கு எது என்று முடிவு செய்யும் டாக்டரைத்தான் நான் நம்புவேன். ஒன்றை மட்டும் விற்கிறவரை இல்லை.

சிகிச்சை நாள்

நடுக்கத்துக்கு என்றால் தலையை மொட்டை அடிப்பார்கள். திருப்பதிக்கு நேர்ந்துகொண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், ஆண் பெண் எல்லோருக்கும் இதுதான். முடியில் காற்றுக் குமிழி சிக்கினால் ஒலி தடைபடும். தலையில் மரத்துப்போகும் ஊசி போட்டு ஒரு சட்டம் பொருத்துவார்கள். கொஞ்சம் வலிப்பது இந்தக் கட்டத்தில்தான். தொப்பிக்கும் தலைக்கும் நடுவே குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கும், மண்டை ஓடு சூடாகாமல் காக்க.

நோயாளி முழுக்க விழித்திருப்பார். முதலில் குறைந்த சக்தியில் ஒலி கொடுத்து, குறி சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு கொஞ்சம் கூட்டி, தற்காலிகமாக மட்டும் வேலை செய்யும் சூட்டில் நிறுத்துவார்கள். அப்போது பேனாவைக் கொடுத்துச் சுருள் வரையச் சொல்வார்கள், பேசச் சொல்வார்கள், உதடு மரக்கிறதா, விரல் நுனி கூச்செடுக்கிறதா என்று கேட்பார்கள். கோடு நேராகி, வேறு தொந்தரவும் இல்லை என்றால்தான் நிரந்தரச் சூடு. அதனால் கூச்சப்படாமல் தெரிகிறதையெல்லாம் சொல்ல வேண்டும். "டாக்டருக்குத் தெரியாதா" என்று பொறுத்துக்கொள்வது இங்கே ஆபத்து. தமிழில் பேசி விவரம் கேட்கிற ஒருவர் அறையில் இருப்பாரா என்று முன்னாடியே உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு முறை ஒலி கொடுப்பது சில நொடிகள்தான். ஆனால் தயாரிப்பும் சோதனையும் சேர்த்து மொத்தம் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். வழக்கமாக ஒரு பக்கத்துக்குத்தான் செய்வார்கள், எந்தக் கையால் சாப்பிட்டு எழுதுகிறீர்களோ அந்தக் கைக்கு. இன்னொரு பக்கம் வேண்டுமானால் குறைந்தது ஒன்பது மாதமாவது காத்திருக்க வேண்டும்.

கர்ப்பப்பைச் சிகிச்சையில் குப்புறப் படுக்க வேண்டியிருக்கும். சிறுநீருக்குக் குழாய் வைப்பார்கள், மயக்கம் இல்லாமல் தளர்வு தரும் மருந்து கொடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. வழியாகச் செய்யும் கருவியில் நோயாளியின் கையில் ஒரு பட்டன் இருக்கும். காலுக்குள் நரம்பு சுண்டி இழுத்தாலோ, தோல் சுட்டாலோ அதை அழுத்தினால் ஒலி உடனே நின்றுவிடும். தயங்காமல் அழுத்துங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

பெரும்பாலும் அன்றோ மறுநாளோ அனுப்பிவிடுவார்கள். தையல் இல்லை என்பதால் சிலர் மறுநாளே வயல் வேலைக்கும் கம்பெனிக்கும் கிளம்பிவிடுகிறார்கள். நடுக்கச் சிகிச்சை எடுத்தவர்கள் நடை சீராகும்வரை பைக் ஓட்ட வேண்டாம், குளியலறையில் ஈரத் தரையைக் கவனியுங்கள். நடுக்கம் வருடங்கள் போகப்போகச் சிலருக்கு ஓரளவு திரும்பும். பார்க்கின்சனுக்குச் செய்திருந்தால் நடுக்கம் குறையுமே தவிர நோய் நிற்காது, மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

ஃபைப்ராய்டு ஒரே நாளில் மறையாது. மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கும், முழுசாகப் போகாமலும் இருக்கலாம். ரத்தப்போக்கு குறைகிறதா என்று மாதவிலக்கு நாட்களில் எத்தனை நாப்கின் என்று குறித்து வையுங்கள், ஹீமோகுளோபினைத் திரும்பப் பரிசோதியுங்கள். காய்ச்சல், நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், தோலில் கொப்புளம், கால் மரப்பு, அடங்காத வயிற்றுவலி இருந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போய்விட வேண்டும். நடுக்கச் சிகிச்சைக்குப் பிறகு புதிதாக வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரு நகலை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வைத்துவிடுங்கள். இரவில் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருக்கும் டியூட்டி டாக்டர் இந்தச் சிகிச்சையைப் பார்த்தே இருக்க மாட்டார். எந்தப் பக்க மூளையில், என்றைக்கு, என்ன செய்தார்கள் என்று அவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.